நிழலை வெட்டி எடுத்தவர்கள்

பிரான்சின் தென்கரையில் உள்ள மார்சேய் நகரத்தில் 1949இல் பெரிய குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே கட்டடத்துக்குள் 337 வீடுகள். தரையைத் தொடாமல் தடித்த தூண்கள்மேல் நிற்கும் அமைப்பு. மேற்பூச்சு கிடையாது, பலகை அடைத்து வார்த்த கான்கிரீட்டில் மரத்தின் ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது. கட்டியவர் லே கொர்புசியே. வேலை முடியாத அந்தக் கட்டடத்தை ஒருமுறை போய்ப் பார்க்கும்படி லூசியன் ஹெர்வே என்ற புகைப்படக்காரரிடம் சொன்னவர் கூட்டூரியே என்ற பாதிரியார். சமயக் கலைக்கென்று பத்திரிகை நடத்திவந்த டொமினிக்கன் துறவி அவர்.

ஹெர்வே போனார். ஒரே நாளில் 650 படம் எடுத்தார். சதுர நெகடிவ் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான் வரும். அப்படியென்றால் 50 சுருளுக்கு மேல் மாற்றியிருக்க வேண்டும். வெயில் நகர நகர அவரும் நகர்ந்துகொண்டே இருந்தால் ஒழிய இது நடக்காது.

படங்களை லே கொர்புசியேவுக்கு அனுப்பிவைத்தார். அந்த டிசம்பரிலேயே பதில் வந்தது. கட்டடக்கலைஞனின் ஆன்மா உங்களுக்கு இருக்கிறது என்று பாராட்டி, இனித் தன்னுடைய கட்டடங்களைப் படமெடுக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். 1965இல் லே கொர்புசியே இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது.

அந்தப் படங்களில் அப்படி என்ன இருந்தது? முழுக் கட்டடம் தெரியும் படங்கள் குறைவு. ஒரு தூணின் அடிப்பகுதி மட்டும் தெரியும். அதன்மேல் சாய்ந்து விழும் நிழல் படத்தைக் குறுக்கே பிளக்கும். பால்கனிகளின் வரிசை ஒன்று, அதற்குமேல் ஒரு துண்டு வானம். வாசல் எங்கே, எத்தனை மாடி, எந்தப் பக்கம் தெரு என்று எதுவும் பிடிபடாது. ஆனாலும் கான்கிரீட்டின் கனம் தெரியும். அந்த ஊர் வெயிலின் கடுமையும் தெரியும்.

ஹெர்வேயின் இயற்பெயர் லாஸ்லோ எல்கான். ஹங்கேரியில் 1910இல் பிறந்தவர். பாரிசுக்கு வந்து ஆடை வடிவமைப்பு நிறுவனங்களில் வேலை செய்தார், தொழிற்சங்கத்தில் ஈடுபட்டார், 1938 வாக்கில் கேமராவைக் கையிலெடுத்தார். போரில் ஜெர்மானியரிடம் சிக்கிக் கைதியானார். தப்பி வந்து எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான் லூசியன் ஹெர்வே. போர் முடிந்த பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இவருடைய முக்கியமான கருவி கத்தரிக்கோல். எடுத்த படத்தைச் சிறிய கான்டாக்ட் பிரிண்ட்டாகப் போட்டுக்கொள்வார். பிறகு மேலிருந்தோ பக்கவாட்டிலோ வெட்டுவார். சில படங்கள் நீண்ட பட்டையாகக் குறுகிவிடும். வானத்தில் பாதி போய்விடும், கூரை போய்விடும், மிஞ்சுவதில் ஒரு கோடும் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். வெட்டியவற்றை அட்டைகளில் ஒட்டி, கட்டடம் வாரியாக அடுக்கி லே கொர்புசியேவிடம் காட்டுவார். நூல்களுக்கும் இதழ்களுக்கும் எந்தப் படம் போக வேண்டும் என்பது அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் முடிவானது.

கட்டடம் அசையாது. அதனால் கட்டடப் படத்தில் புகைப்படக்காரரின் பங்கு என்று தனியாக ஒன்றுமில்லை, கட்டியவர் செய்து வைத்ததை அவர் பதிவு செய்கிறார், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மை வேறு. எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது, எதை வெட்டித் தள்ளுவது என்ற மூன்று முடிவுகளும் படமெடுப்பவருடையவை. கறுப்பு வெள்ளையில் கட்டடத்தைக் கோடும் நிழலும் பிரதிபலிப்புமாகக் குறுக்கிக் காட்டிய ஒரு நூற்றாண்டுக் கலை, அந்த மூன்று முடிவுகளின் வரலாறுதான்.

தொடக்க காலத்தில் கேமராவுக்குக் கொடுத்தது குமாஸ்தா வேலை. 1850களில் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அமர்த்தியது. மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் சுற்றினார். மெழுகேற்றிய காகிதம்தான் நெகடிவ். நீல ஒளி பட்டால் அது சட்டென்று கறுக்கும். ஆகவே பிரிண்ட்டில் வானம் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். ட்ரைப் நெகடிவ் மேலேயே சாயத்தைத் தொட்டு மேகம் வரைந்தார். இல்லாத மேகங்கள் சில கோயில்களின் மேல் அப்படித்தான் வந்தன.

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த காரியம் வியக்க வைக்கிறது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து 21 படம் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டை. அதில் விமானம் தெரியாது. கல் வரிகள், அவற்றின் விளிம்பு நிழல்கள், எழுத்துகள். பதிவுக்காக மட்டுமே எடுத்த அந்தப் படத்தை இன்று பார்ப்பவருக்கு, பெரிய கோயிலை இவ்வளவு துணிச்சலாக வேறு எவரும் சுருக்கியதில்லை என்றே தோன்றும். மதுரைப் புதுமண்டபத்தின் தூண் வரிசைகளை எடுத்த படங்களிலும் பக்கவாட்டு வெளிச்சம் ஒருபுறத் தூண்களை மட்டும் துலக்கி, மற்றதை இருட்டில் விட்டுவிடுகிறது. 1859இல் ஆளுநராக வந்த ட்ரெவலியன் இந்த வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். ட்ரைப் அதற்குப் பிறகு பெரிதாகப் படமெடுக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு அது பெரிய இழப்பு.

ஃபிரடெரிக் எவான்ஸ் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு இங்கிலாந்தின் பேராலயங்களை எடுக்கக் கிளம்பினார். வெல்ஸ் பேராலயத்தில் 1903இல் அவர் எடுத்த படிக்கட்டுப் படம் புகழ்பெற்றது. நூற்றாண்டுகளாகக் கால்கள் தேய்த்த கல்படிகள் அலை அலையாக மேலேறிப் போகின்றன. அதற்கு அவர் வைத்த தலைப்பிலேயே கடல் வருகிறது. பிளாட்டினம் பூசிய காகிதத்தில்தான் பிரிண்ட் போடுவார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் அந்தக் காகிதம் காட்டும் சாம்பல் படிநிலைகளை வேறெதிலும் பெற முடியாது என்பது அவர் கருத்து. முதல் உலகப் போரை ஒட்டிப் பிளாட்டினம் விலையேறிக் கிடைக்காமல் போனபோது புகைப்படத்தையே கைவிட்டார்.

நியூயார்க்கில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற புகைப்படக்காரர், அப்போது உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்த மெட்ரோபாலிடன் லைஃப் கோபுரத்தில் ஏறிக் கீழே பார்த்தார். பனி மூடிய மேடிசன் சதுக்கப் பூங்கா. பாதைகள் மட்டும் கறுத்து வளைந்து கிளைவிட்டுக் கிடந்தன; கோபுரத்தின் நிழல் ஒரு பக்கம் கனமாக விழுந்திருந்தது. 1912இல் எடுத்த அந்தப் படத்துக்கு ஆக்டோபஸ் என்று பெயர் வைத்தார். 1916இல் அரூபப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்று கட்டுரை எழுதினார். சொன்னதோடு நிற்காமல் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியாகப் படிகத் துண்டுகளையும் மரத் துண்டுகளையும் எடுத்தார். பிரதிபலிப்பே பிரதிபலித்துப் பல முகமாக உடையும் படங்கள் அவை. 1917இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கவிஞர் எஸ்ரா பவுண்ட் அதற்கு முன்னுரை எழுதினார்.

கண்ணாடி எதுவும் இல்லாமலே பால் ஸ்ட்ராண்ட் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1915இல் அவர் எடுத்த வால் ஸ்ட்ரீட் படத்தில் மார்கன் வங்கியின் சுவர் முழு ஃபிரேமையும் அடைத்து நிற்கும். அதன் ஜன்னல் பள்ளங்கள் கன்னங்கரிய செவ்வகங்களாக இருக்கும்; கீழே காலை வெயிலில் நீண்ட நிழலோடு சின்னஞ்சிறு மனிதர்கள் நடந்து போவார்கள். அடுத்த ஆண்டுக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸ் ஊரில் தங்கியிருந்தபோது, வீட்டு முன்தாழ்வாரத்தில் ஒரு வட்ட மேசையைச் சாய்த்து வைத்தார். தாழ்வாரக் கைப்பிடிக் கம்பிகளின் நிழல் அதன்மேல் பட்டை பட்டையாக விழுந்தது. நெருங்கிப் போய் எடுத்து, படத்தைத் திருப்பி வைத்துவிட்டார். மேசை எது, தரை எது என்று தெரியாது. கறுப்புப் பட்டைகள், ஒரு வளைவு, ஒரு முக்கோணம். வீட்டுத் தாழ்வாரத்தையும் வெயிலையும் தவிர அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா ஒர்க்’ இதழின் கடைசி வெளியீடு 1917இல் முழுக்க ஸ்ட்ராண்டின் படங்களோடு வந்தது.

அதுவரை கட்டடம் எடுப்பவர்களுக்கு ஒரு விதி இருந்தது. நெட்டுக்கோடு நெட்டாகத்தான் நிற்க வேண்டும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்த மாதிரி விழும் என்பதால், பெரிய மரக் கேமராவை நேராகவே வைத்து லென்ஸை மட்டும் மேலே ஏற்றுவார்கள். 1920களில் ரஷ்யாவில் ரோட்சென்கோவும் ஜெர்மனியில் லாஸ்லோ மொஹோலி-நாகியும் அந்த விதியைத் தூக்கி எறிந்தார்கள். மாஸ்கோவின் மியாஸ்னிட்ஸ்காயா தெருவில் ரோட்சென்கோ சுவரை ஒட்டி நின்று நேர் மேலே பார்த்து 1925இல் எடுத்த பால்கனிப் படங்களும், பெர்லின் வானொலிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து மொஹோலி-நாகி நேர் கீழே பார்த்து எடுத்த படங்களும் உலகம் சுற்றின. லைகா போன்ற கையடக்கக் கேமராக்கள் கடைக்கு வந்ததும் ஏறுவதும் குனிவதும் எளிதாகிவிட்டன.

ஆனால் இந்த வரலாற்றில் அதிகம் பேச வேண்டிய பெயர் லூசியா மொஹோலி. பிராகில் 1894இல் பிறந்தவர், மொஹோலி-நாகியின் முதல் மனைவி, முறையாகப் புகைப்படத் தொழில் படித்தவர். கணவர் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் ஆசிரியர். இவருக்கு அங்கே சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. டெஸ்ஸாவ் நகரில் வால்டர் க்ரோபியஸ் கட்டிய பௌஹௌஸ் கட்டடம் 1926 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அதைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்தவர் லூசியா. பட்டறைப் பகுதியின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தால் சில கோணங்களில் வானம்தான் தெரியும், சில கோணங்களில் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு தெரியும். இரண்டும் கலந்து விழும் இடங்களைத் தேடி அவர் நின்றார். மாணவர் விடுதியின் பால்கனிகளைக் கீழிருந்து எடுத்த படத்தில் வெள்ளைச் சுவரும் கறுப்பு அடிப்பாகமும் மாறி மாறி மேலே ஏறுகின்றன. ரோட்சென்கோவின் ஆர்ப்பாட்டம் அதில் இல்லை. அளவு மட்டும் இருக்கிறது.

உலகம் பௌஹௌஸை வெள்ளைக் கட்டடமாக நினைவில் வைத்திருப்பதற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம். உள்ளே சுவர்களுக்கும் கூரைகளுக்கும் திட்டமிட்டு வண்ணம் பூசியிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் அது சாம்பலாகிவிட்டது. இதில் நட்டமும் உண்டு, லாபமும் உண்டு. வண்ணம் போய்விட்டதால்தான் விகிதங்கள் அவ்வளவு துல்லியமாகக் கண்ணில் பட்டன.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். மொஹோலி-நாகியை ஏற்கெனவே பிரிந்திருந்த லூசியாவின் அப்போதைய துணைவர் கைது செய்யப்பட்டார். யூதரான லூசியா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜெர்மனியைவிட்டு வெளியேறினார். ஏறத்தாழ 560 கண்ணாடி நெகடிவ்களை எடுத்துப்போக முடியவில்லை. கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. அவை கைமாறிக் க்ரோபியஸிடம் போய்ச் சேர்ந்தன. க்ரோபியஸ் அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அவருடைய சாமான்களோடு அவையும் கடல் கடந்தன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1938இல் பௌஹௌஸ் கண்காட்சி நடத்தியது. நூல்கள் வந்தன, கட்டுரைகள் வந்தன. லூசியாவின் படங்கள் எங்கும் இருந்தன. அவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

லண்டனில் இருந்த லூசியா, தன் நெகடிவ்கள் போரில் அழிந்துவிட்டன என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தார். தன் படங்கள் புதிது புதிதாக அச்சாவதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கடிதம் எழுதினார், வழக்கறிஞரை வைத்தார். 1957இல் 230 நெகடிவ்கள் திரும்பி வந்தன. மீதி 330 என்ன ஆயின என்பதற்கு விடை இல்லை. 1945 குண்டுவீச்சில் டெஸ்ஸாவ் கட்டடத்தின் கண்ணாடி முகப்பு நொறுங்கியது. 1976இல்தான் மறுபடி அமைத்தார்கள். முதல் கண்ணாடியில் 1926இன் வானம் எப்படி விழுந்தது என்று இன்று யாராவது பார்க்க விரும்பினால், லூசியாவின் படங்களிடம்தான் போக வேண்டும். க்ரோபியஸ் செய்தது அநியாயம். அவர் பெரிய கட்டடக்கலைஞர் என்பதால் அது நியாயமாகிவிடாது.

யோசித்துப் பார்த்தால் க்ரோபியஸ் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கட்டடம் என்னுடையது, ஆகவே அதன் படமும் என்னுடையது என்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன எண்ணம். ஜப்பானில் நடந்தது இன்னொரு உதாரணம். இஷிமோட்டோ யசுஹிரோ சிகாகோவில் மொஹோலி-நாகி தொடங்கிய கல்லூரியில் படித்தவர். கியோட்டோவில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கட்சுரா அரண்மனையை 1953, 54இல் எடுத்தார். காகிதத் தட்டிகள், மரச்சட்டங்கள், தோட்டத்து நடைகற்கள். 1960இல் அது நூலாக வந்தபோது, கட்டடக்கலைஞர் டாங்கே கென்சோ படங்களைத் தன் வாதத்துக்கு ஏற்றபடி கடுமையாக வெட்டினார். வளைந்த கூரைகள் காணாமல் போய், நேர்கோடுகளும் செவ்வகங்களும் மிஞ்சின. ஜப்பானின் பழைய அரண்மனையும் ஐரோப்பாவின் புதிய கட்டடமும் ஒரே இனம் என்று காட்டுவதற்கு அது உதவியது. நூலில் முன்னுரை எழுதிய இன்னொருவர் க்ரோபியஸ். இஷிமோட்டோ 1980களின் தொடக்கத்தில் கட்சுராவுக்குத் திரும்பிப் போய், இந்த முறை வண்ணத்தில், தன் விருப்பப்படி எடுத்தார்.

ஹெர்வேயின் கத்தரிக்கும் டாங்கேயின் கத்தரிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஹெர்வே வெட்டியது தன் சொந்தப் படத்தை.

மார்சேயில் ஹெர்வே 650 படமெடுத்த அதே 1949இல், பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஜெரால்டோ டி பாரோஸ் என்ற வங்கி ஊழியர் லூஸ் ரயில் நிலையத்தின் கூரைக்கடியில் நின்று ஒரே நெகடிவ்வில் பலமுறை ஒளி விழச் செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கூரைச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து புதிய கட்டம் ஒன்று உருவானது. அடுத்த ஆண்டு அந்நகர அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. போர் முடிந்த உலகம் முழுக்கவே அப்போது கட்டிக்கொண்டிருந்தது, கட்டுவதைப் பார்க்கும் கண்களும் புதிதாகிக்கொண்டிருந்தன.

ஹெர்வே இந்தியாவுக்கு வந்தது 1955இல். பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரில் உயர் நீதிமன்றம் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. தலைமைச் செயலகம் எழும்பிக்கொண்டிருந்தது. 1961இல் மறுபடி வந்தபோது சட்டமன்றம் முடியும் தறுவாயில் இருந்தது. தலையில் மண்கூடை சுமந்து சாய்தளத்தில் வரிசையாக ஏறும் பெண்களையும் அவர் எடுத்தார். வெறும் வடிவத்தைத் தேடுபவராக மட்டும் ஹெர்வேயைப் பார்ப்பது தவறு. ஒரு பிரம்மாண்டச் சுவரின் அடியில் ஒற்றை மனிதரை நிறுத்தி அளவைக் காட்டுவது அவர் அடிக்கடி செய்த காரியம்.

சண்டிகர் வெயில் மார்சேய் வெயிலைவிடக் கடுமையானது. லே கொர்புசியே கட்டடங்களின் முகப்பு முழுவதும் ஆழமான கான்கிரீட் மறைப்புகளை வைத்திருந்தார். வெயில் உள்ளே போகாமல் தடுப்பது அவற்றின் வேலை. கேமராவுக்கு அவை நிழல் ஆலை ஆகிவிட்டன. உச்சி வெயிலில் ஒவ்வொரு மறைப்பும் தன் கீழே ஒரு கறுப்புக் கட்டத்தை இறக்கும்; பொழுது சாயச் சாயக் கட்டம் முக்கோணமாகும், பிறகு கோடாகும். கட்டடங்களுக்கு முன்னால் நீர்த்தடாகங்கள் வேறு. காற்று அடங்கிய நேரத்தில் முகப்பு தண்ணீரில் தலைகீழாக இறங்கி நிற்கும். படத்தின் நடுவே ஓடும் கரை விளிம்பு மட்டும் எது கான்கிரீட், எது தண்ணீர் என்று பிரித்துச் சொல்லும்.

இந்த வகைப் படங்களில் வானம் கறுத்திருப்பதற்குப் பின்னே ஒரு எளிய உத்தி உண்டு. லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் அது நீல ஒளியைத் தடுத்துவிடும். நீலவானம் பிரிண்ட்டில் கறுப்பாகும். வெயில் பட்ட கான்கிரீட் அந்தக் கறுப்பின்மேல் வெளேரென்று எழுந்து நிற்கும். ட்ரைப்பின் காலத்தில் நீலத்தால் வெளுத்துப்போன அதே வானம், நூறு ஆண்டில் ஒரு கண்ணாடி வில்லையால் இருட்டிவிட்டது. மேகம் வரைய வேண்டிய தேவையும் போயிற்று. சிவப்புக் கல்லால் கட்டிய ஃபதேபூர் சிக்ரியில் இந்த ஃபில்டரைப் போட்டால் இன்னொரு மாற்றமும் நடக்கும். கல் வெளுத்து, வானம் கறுத்து, அக்பரின் நகரம் நேற்றுக் கட்டியதுபோல் ஆகிவிடும். ஹெர்வே அங்கும் போனார், ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தருக்கும் போனார். 16ஆம் நூற்றாண்டு மண்டபத்துக்கும் 18ஆம் நூற்றாண்டு வானியல் கருவிகளுக்கும் 20ஆம் நூற்றாண்டு நீதிமன்றத்துக்கும் அவர் கண் ஒரே மரியாதையைத் தந்தது.

சண்டிகர் உயர் நீதிமன்ற வாசலின் மூன்று பெருந்தூண்கள் இன்று பச்சை, மஞ்சள், சிவப்பு. ஹெர்வே முதலில் வந்தபோது அந்த வண்ணங்கள் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்துப் பழகியவர்கள் நேரில் போய் அந்த வண்ணங்களைப் பார்த்துத் திகைப்பது உண்டு.

ஹெர்வே நின்ற அதே இடங்களில் பிறகு இன்னொருவர் வந்து நின்றார். நஸ்ரீன் முகமதி. கராச்சியில் 1937இல் பிறந்து பம்பாயில் வளர்ந்து, லண்டனிலும் பாரிசிலும் ஓவியம் படித்தவர். 1972 முதல் பரோடா பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் ஆசிரியர். பென்சிலாலும் மையாலும், பொறியியல் வரைபடத்துக்கான கருவிகளைக் கொண்டு, முடி இழை கனத்தில் கோடு போடுவார். உருவம் கிடையாது, வண்ணம் மிகக் குறைவு. உடன் பணியாற்றிய ஓவியர்கள் பலர் மனித உருவங்களையும் ஊர்க் கதைகளையும் வரைந்த காலத்தில் தனி வழியில் போனவர்.

அவர் படமும் எடுத்தார் என்பது நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரியும். ஃபதேபூர் சிக்ரியின் தரை விளிம்புகள், சண்டிகரின் கான்கிரீட் மூலைகள், தறியில் பாவு நூல், ஈரத்தில் மினுங்கும் கடற்கரை மணல், சாலையில் பூசிய கோடுகள். ஹெர்வேயின் படத்தில் கட்டடம் குறுகினாலும் அதன் கனம் இருக்கும். நஸ்ரீனிடம் கனமும் போய்விடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் ஓரம் ஒரு சாய்வுக் கோடு. நிழலின் ஓரம் இன்னொரு சாய்வுக் கோடு. இரண்டும் ஃபிரேமைவிட்டு வெளியேறிப் போய்க்கொண்டிருக்கின்றன. இது எந்த ஊர், யார் கட்டியது என்று கேட்கும் எண்ணமே வராது. இந்தியாவில் கட்டடத்தை இந்த எல்லைவரை கொண்டுபோனவர் அவரைத் தவிர வேறு யாருமில்லை என்று துணிந்து சொல்லலாம்.

வாழ்நாளில் அந்தப் படங்களை அவர் காட்சிக்கு வைக்கவே இல்லை. தலைப்பும் தேதியும் எழுதவில்லை. உடலியக்கத்தைப் படிப்படியாகப் பறித்த நரம்பு நோயோடு போராடியபடியே கோடு போட்டுக்கொண்டிருந்தார். 1990இல் மகாராஷ்டிரத்துக் கடற்கரை ஊரான கிஹிமில் இறந்தார். படங்கள் பொதுப் பார்வைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். டெல்லி, மாட்ரிட் என்று கண்காட்சிகள் நடந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2016இல் தன் புதிய கிளையைத் திறந்தபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று நஸ்ரீனுடையது. அந்தக் கிளை இயங்கிய கட்டடத்தைக் கட்டியவர் மார்செல் பிராயர். பௌஹௌஸில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர்; லூசியாவின் கேமராவுக்கு முன்னால் அவர் செய்த நாற்காலிகளும் இருந்திருக்கின்றன.

ஹெர்வே 2007இல் தன் 96ஆம் வயதில் பாரிசில் காலமானார். லே கொர்புசியேவின் கட்டடங்களை எடுத்த அவருடைய நெகடிவ்கள் லாஸ் ஏஞ்சலீஸ் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. சண்டிகரின் தலைமை வளாகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அந்த வளாகம் இப்படித்தான் இருக்கும் என்று சண்டிகரைப் பார்த்தே இராத கோடிப் பேருக்குச் சொன்னவை ஹெர்வேயின் படங்களே.

தமிழில் இன்று கோயிலைப் பற்றியும் பழைய மாளிகைகளைப் பற்றியும் நல்ல நூல்கள் வருகின்றன. தூணும் நிழலும் குளத்துப் பிரதிபலிப்புமாக அட்டைப் படங்கள் வருகின்றன. பல நூல்களில் கட்டிய அரசன் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது, படமெடுத்தவர் பெயர் இல்லை. பதிப்பாளர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் இதை மாற்ற வேண்டும். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று வெட்ட வேண்டியிருந்தால், அவரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.